பிறப்பறியாத அசன்

மிஸ்ர் நாட்டின் காஹிரா நகரிலே, யூசுப் பாஷா என்னும் பெருமகனின் குழந்தை களவாடப்படுகிறது. கடல் கடந்து பம்பாய் சேர்ந்த அக்குழந்தை, தான் இன்னார் மகன் என்பதை அறியாமலே வளர்கிறது. கண்டி நகரத்து வழக்கறிஞர் சித்தி லெப்பை அவர்கள் 1885-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அசன்பேயுடைய சரித்திரம்' கூறும் கதை இது. தமிழ் நாவல்களுள் மூத்ததாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வந்தது. அதற்கு ஆறே ஆண்டு இளையது இந்நூல்.

அதுவரை நம் வீடுகளில் கிஸ்ஸாவும் நாமாவும் மஸலாவுமே கதை கேட்கும் ஆவலைத் தீர்த்து வந்தன. யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை அறியாத பிள்ளை நம்மிடையே உண்டா? அவர்களைச் சகோதரர்கள் அடையாளம் காணவில்லை. ஆனால் தாம் யாருடைய மைந்தர் என்பதை அவர்கள் ஒரு கணமும் மறந்ததில்லை. அசனோ தன்னையே அறியாதவன். அங்கே மிஸ்ருக்குக் கொண்டு செல்லப்பட்டார் மைந்தர். இங்கே மிஸ்ரிலிருந்து கொண்டு செல்லப்படுகிறான். இழந்து தவிக்கும் தந்தைக்கு ஆசிரியர் யூசுப் என்றே பெயரிட்டதைத் தற்செயல் என்று நான் கொள்ளேன்.

பிறப்பின் மறைபொருள் நமக்கு வெறும் கதைச் சுவையன்று. நஸபு தெரியாவிடில் வாரிசுரிமை நிற்பதெங்ஙனம்? மணம் விலக்கப்பட்ட உறவைப் பிரித்தறிவதெங்ஙனம்? எடுத்து வளர்த்தவர் எத்துணை அன்பு காட்டினும் பிள்ளைக்குத் தந்தை பெயர் பெற்றவருடையதே. கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கென, 'லகீத்' என்ற பெயரில், பிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. அக்குழந்தையின் மேல் கிடந்த பொருளும் அக்குழந்தைக்கே சொந்தம் என்கிறது அச்சட்டம். வழக்குமன்றத்தில் பழகிய ஆசிரியருக்கு இவற்றின் கனம் தெரியாதிருக்க முடியாது.

கதைக்கு மிஸ்ரைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. 1882 செப்டம்பரில் தல்லுல் கபீர்ப் போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற ஒராபி பாஷா, 1883 ஜனவரியில் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான், 1882 டிசம்பரில், சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியிருந்தார். இருவரும் கைகோத்துப் பள்ளிக்கூடங்களுக்காக உழைத்தனர். கொழும்பில் மதரஸா 1884-இல் எழுந்தது. ஸாஹிராக் கல்லூரி 1892-இல். ஆகவே அசன் பம்பாயை விட்டுக் கல்கத்தா சென்று கல்வி பெறுவதும், அதன் பின்னரே காஹிராவையும் பெற்றோரையும் அடைவதும் ஆசிரியரின் நெஞ்சிலிருந்தே வந்தவை. 'பே' என்னும் பட்டம் பிறகு கிடைத்தது.

சீறாவைப் பட்டுத்துணியில் பொதிந்து வைத்த எங்கள் வீட்டில் இந்நூல் இருந்ததில்லை. நடு வயதிலேதான் படித்தேன். இப்போது லகீத் பாடம் நடத்தும் நாளில் மாணவர்க்கு அசனின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு சிறுவன் எழுந்து, "உஸ்தாத், பெற்ற வாப்பாவைக் கண்டபின், பம்பாயில் வளர்த்தவர்களை அவர் எப்படி அழைத்திருப்பார்?" என்று கேட்டான். கித்தாபை மூடிவிட்டு, அன்று அந்தக் கேள்வியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.