ஒரே 'எந்திரன்', ஊருக்கு ஒரு நீளமா? பழைய டிவிடியைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வைக்கும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியப்பா வீட்டுப் பரண்ல ஒரு பை நிறைய டிவிடி கிடைச்சது. அண்ணன் சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்போ வாங்கினது. ராஜபாளையம் சித்தி வீட்லயும் அதே மாதிரி ஒரு பை, ஆனா எல்லாமே விசிடி. "எல்லாம் போன்லயே வருது, பழைய பேப்பர்க்காரர்ட்ட போட்டுரு"ன்னாங்க சித்தி. கொஞ்சம் பொறுங்க மக்களே. ஒரே படம்னாலும், ஊருக்கு ஊர் வெளியான பிரதி ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்லை.

ஜப்பான்ல நடந்தது என்ன?

ஷங்கர் இயக்கத்தில் ரஜினி நடிச்ச 'எந்திரன்' 2010 அக்டோபர் 1-ம் தேதி வெளியாச்சு. தெலுங்கில் 'ரோபோ', இந்தியில் 'ரோபோட்'. 2012 மே மாதம் ஜப்பான் தியேட்டர்களுக்குப் போனப்போ படத்தின் நீளம் 139 நிமிஷம்தான். பாட்டுகள் உட்பட நிறைய காட்சிகளுக்குக் கத்தரி. அப்புறம் அங்கேயே 177 நிமிஷ முழு வடிவமும் வெளியானது. வித்தியாசம் 38 நிமிஷம்! சின்ன வடிவத்தை மட்டும் பார்த்தவர், தான் பார்த்ததுதான் முழுப்படம்னு நினைச்சிருப்பார்.

நேரம் குறைஞ்சா வெட்டுன்னு அர்த்தமா?

இல்லை. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சினிமா ஓடுறது நொடிக்கு 24 ஃபிரேம். 'பால்' முறையில் (பால்கோவா இல்லீங்க, டிவி ஒளிபரப்பு முறை) டிவிடி போடும்போது வழக்கமா 25 ஃபிரேமா ஓட்டுவாங்க. அதனால 177 நிமிஷப் படம் சுமார் 170 நிமிஷத்தில் முடிஞ்சிரும். ஒரு காட்சிகூட போயிருக்காது. அமெரிக்கா, ஜப்பானில் இருந்த 'என்.டி.எஸ்.சி' முறையில் இந்த வேகம் கூடாது. ஆக, நூத்துக்கு நாலு பங்கு குறைஞ்சா பயப்பட வேண்டாம். அதுக்கு மேல குறைஞ்சா கத்தரி விழுந்திருக்கலாம்.

அண்ணன் டிவிடி ஏன் ஓடலை?

டிவிடிக்கு ரீஜன் எண் உண்டு. இந்தியா, இலங்கைக்கு 5. சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3. பிரிட்டன், வளைகுடா நாடுகள், ஜப்பானுக்கு 2. அமெரிக்காவுக்கு 1. பிளேயரும் டிஸ்க்கும் பொருந்தலைன்னா படம் ஓடாது. 'ஆல்' அல்லது 0-ன்னு இருந்தா எங்கயும் ஓடும். ப்ளூ-ரேயில் இந்தியாவுக்கு சி, பிரிட்டனுக்கு பி, அமெரிக்கா, ஜப்பானுக்கு ஏ.

சித்தியோட விசிடிக்கு ரீஜன் தொல்லை கிடையாது. ஆனா ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிஷம்தான் அடங்கும். மூணு மணி நேரப் படம்னா மூணு தட்டு. "ரெண்டாவது சிடி எங்கடா?"ன்னு தேடினது ஞாபகம் இருக்கா? படத்தின் அளவு 352-க்கு 288 பிக்சல்தான், சத்தம் ஸ்டீரியோ மட்டும்தான். சிட்டி ரோபோக்கள் உருண்டையா, பாம்பா மாறுற கிளைமாக்ஸ் சண்டையை 5.1 ஒலியோட டிவிடியில் பார்க்கிறது தனி அனுபவம்.

தூக்கிப் போடும் முன் பார்க்க வேண்டியவை

* பின் அட்டையில் நிமிஷம் எவ்வளவு?
* உலக உருண்டைப் படத்துக்குள்ள ரீஜன் எண் என்ன?
* 'பால்' முறையா, 'என்.டி.எஸ்.சி' முறையா?
* ஒலி 5.1-ஆ, ஸ்டீரியோவா? சப்டைட்டில் எந்த மொழி?
* இதே படம் ஓடிடியில் எத்தனை நிமிஷம் ஓடுது?

ஓடிடியில் இருக்கிறதைவிட உங்க டிஸ்க் நீளமா இருந்தா, அதைப் பத்திரப்படுத்துங்க. ஓடிடியில் எந்த வடிவம் இருக்கணும்னு முடிவு பண்றது நாம இல்லை. பரண்ல இருக்கிறது நம்ம கையில் இருக்கு. இப்போதைக்கு ரெண்டு பையும் ராஜபாளையத்துலதான் இருக்கு. பழைய பேப்பர்க்காரருக்கு வெறும் அட்டைப்பெட்டிதான் கிடைச்சது!