நொதி: கலயத்தில் பிறந்த சொல்

களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கு நடந்தே போய்விடலாம். வழியில் மாநிலம் மாறும், கடைப்பலகையில் எழுத்து மாறும்; வீட்டுப் பேச்சு அவ்வளவாக மாறாது. 1956 நவம்பர் 1 அன்று, களியக்காவிளை அடங்கிய விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருவிதாங்கூர்த் தமிழர் கேட்ட, பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. பனஞ்சாற்றுக்கு மட்டும் இரு பக்கமும் ஒரே பெயர்தான்: அக்கானி. மற்ற ஊர்களில் பதநீர்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் அக்கானி. தடவாமல் விட்டால் கள். எல்லைக்கு அந்தப் பக்கம் உரிமம் பெற்ற கடையில் கள் விற்கலாம்; இந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை. சாறு ஒன்றே. அதற்குள் நடக்கும் ஒரு மாற்றத்தை வைத்துத்தான் சட்டம் பிரிகிறது. அந்த மாற்றத்தின் பெயரைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

பேச்சில் அது “புளிச்சுப் போச்சு”, “பொங்குது”, “நுரைச்சு வருது”. புத்தகத் தமிழில் நொதித்தல். அந்த வினையின் அடியையே எடுத்து என்சைமுக்கு நொதி என்று பெயரிட்டார்கள். இலங்கைத் தமிழர் நொதியம் என்கிறார்கள். புளி என்பது ஏற்கெனவே பழமாகவும் சுவையாகவும் இருக்க, நொதிதான் வேறு வேலையில்லாமல் இருந்த சொல் என்பது என் எண்ணம். என்சைம் என்ற பெயரை 1870களில் ஜெர்மானியர் வில்ஹெல்ம் கூனே உருவாக்கினார். கிரேக்கத்தில் அதற்கு ‘புளிப்பு மாவுக்குள்’ என்று பொருள். ஐரோப்பியர் மாவுப் பானைக்குள் பார்த்ததையே நாம் கலயத்துக்குள் பார்த்திருக்கிறோம். இதைவிடப் பொருத்தமான கலைச்சொல் நம்மிடம் குறைவு என்றே சொல்வேன்.

மலையாளம் வேறு வழியில் போனது. நொதித்தல் அங்கே கிண்வனம்; நொதி, ராசாக்னி. முன்னது வடமொழியில் கள்ளின் புளிப்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, பின்னது வயிற்றுத் தீயை நினைவூட்டுகிறது. பாறசாலைப் பக்கம் ஒரே வீட்டில் ஒரு பிள்ளை தமிழ் வழியிலும் இன்னொன்று மலையாள வழியிலும் படித்தால், ஒரே கலயத்துக்கு இரண்டு கலைச்சொற்கள் வந்து சேரும்.

இனி கலயத்துக்குள். 1897இல் ஜெர்மன் வேதியியலாளர் எடுவர்ட் புக்னர், சாற்றை நொதிக்க வைக்கும் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். அந்தச் சாற்றில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. ஆனாலும் அதிலிருந்த நொதிகளால் சர்க்கரை நொதித்தது. சில ஆண்டுகளில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் அதே ஈஸ்டுச் சாற்றில் பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட்டைச் சேர்த்தார்கள். மந்தமாக இருந்த நொதித்தல் சட்டென்று விரைந்தது. சேர்த்த பாஸ்பேட்டைத் தேடினால் காணவில்லை. அது சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சர்க்கரை சாராயமாகும் முன் பாஸ்பரஸைச் சுமக்கிறது என்பது அப்படித் தெரியவந்தது. நம் தசைக்குள் சர்க்கரை உடைவதும் இதே போலத்தான்.

பாஸ்பரஸ் என்ற சொல்லுக்கு ஒளி ஏந்தி என்று பொருள்; கிரேக்கருக்கு அது விடிவெள்ளியின் பெயர். 1669இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைச் சுண்டக் காய்ச்சி, இருட்டில் ஒளிரும் பொருளைக் கண்டெடுத்ததால் அந்தப் பெயர் அதற்கு ஒட்டியது. அந்தப் பெயரின் அடியோடு நொதிகளுக்குரிய ‘ஏஸ்’ என்ற வாலைச் சேர்த்தால் பாஸ்பட்டேஸ்: பாஸ்பேட்டைப் பிரித்துவிடும் நொதி. மஞ்சள் காமாலைக்கு ரத்தப் பரிசோதனை செய்தால் முடிவுத்தாளில் ‘ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்’ என்று வருவது இதுதான். பித்தநீர்ப் பாதை அடைத்தால் இது ஏறும். வளரும் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும், எலும்பு வளர்வதால். கலயத்தில் தடவும் சுண்ணாம்பின் காரம் ஈஸ்டை முடக்கிவிடும். இந்த நொதிக்கோ காரம்தான் உகந்தது, ஆல்கலைன் என்ற அடைமொழி அதனால் வந்தது.

இந்த நொதியை எலும்பில் கண்டவர் ராபர்ட் ராபிசன், 1923இல். அவர் ஹார்டனோடு வேலை செய்தவர். நொதித்தலில் கிடைத்த சர்க்கரைப் பாஸ்பேட்டைக் கையில் வைத்திருந்தவர். அதை எலும்பின் நொதி பிரிப்பதைப் பார்த்தார். விடுபடும் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து எலும்பில் படிகிறது என்றார்.

விடுபட்டது எவ்வளவு என்று அளக்க ஒரு வழி வேண்டுமே. 1925இல் அதைத் தந்தவர்கள் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கும், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த பீமவரத்துக்காரர் எல்லாப்பிரகட சுப்பாராவும். அவர்கள் முறையில், பாஸ்பேட் இருந்தால் கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பேட் அவ்வளவு. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. உயிர்வேதியியல் படித்த எவருக்கும் அந்த நீலம் நினைவிருக்கும்.

திரும்பவும் பனைக்கே வருகிறேன். பனங்கற்கண்டு காய்ச்சுமுன் அக்கானியில் மிஞ்சிய சுண்ணாம்பை நீக்க வேண்டும். அதற்கு சூப்பர் பாஸ்பேட் கரைசல் விடும் வழக்கம் உண்டு. உர மூட்டையில் பார்த்த அதே பெயர். பாஸ்பேட் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்த வண்டல் கால்சியம் பாஸ்பேட், எலும்பில் படிவதற்கு நெருங்கிய உறவு.