புல்வெட்டும் வண்டியின் பிரேக்

1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் உருவாக்கிய முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பிரேக் தேவைப்படவில்லை. தள்ளுபவர் நின்றால் அதுவும் நின்றது. பெரிய புல்வெளிகளில் இயந்திரத்தைக் குதிரைகள் இழுத்தன. தரையில் குளம்புத் தடம் விழாதிருக்க அவற்றுக்குத் தோல் காலணி மாட்டினார்கள். 1893-இல் லங்காஷயரின் ஜேம்ஸ் சம்னர் நீராவியைப் புகுத்தினார். 1902-இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் ஏறி ஓட்டும் சிறு வண்டிகள் பெருகின. ஆள் உட்கார்ந்து சரிவில் இறங்கும் வண்டிக்குப் பிரேக்தான் உயிர்க்காவல். பலவற்றில் அது சக்கரத்தில் இருப்பதில்லை. பின் அச்சோடு சேர்ந்த கியர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு டிஸ்க். அதை இருபுறமும் கவ்வும் இரண்டு பேட்கள். பேட் தேய்ந்தால் முதலில் பிரேக்கைச் சரிசெய்யும் நட்டை இறுக்கி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பார்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் பேட்களை மாற்றுவதே வழி. அளவுமீறி இறுக்கினால் டிஸ்க் உரசிச் சூடேறும்.

வேலை முடிந்ததும் சமதரையில் இயந்திரத்தை அணைத்து, நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பார்க்க வேண்டும். பின்சக்கரங்கள் உருளாமல் சறுக்கினால் பிரேக் சரி. உருண்டால், அந்த வண்டியைச் சரிவில் ஏற்றவே கூடாது.