சிகரெட்டை விட்ட மருத்துவர்களும் ஐம்பதாண்டுக் கணக்கும்

பல்லாண்டுகள் சிகரெட் பிடித்த ஒருவர் அறுபது வயதில் அதை விடுவதால் உண்மையில் என்ன பெறுகிறார் என்னும் கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் விடை இருக்கவில்லை. சிகரெட் கேடு செய்வது என்பதே ஐயமற நிறுவப்படாத காலம் அது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நுரையீரல் புற்றுநோயால் இறந்தோராகப் பதிவானவர்கள் 1922இல் 612 பேராகவும் 1947இல் 9,287 பேராகவும் இருந்தனர். இந்தப் பதினைந்து மடங்குப் பெருக்கத்துக்கு மோட்டார் வாகனப் புகையோ சாலைகளில் பூசப்பட்ட தாரோ காரணமாகலாம் என்று ஐயுற்றவர்களுள், பின்னாளில் சிகரெட்டின் பங்கை நிறுவிய ரிச்சர்ட் டாலும் ஒருவர்.

டாலும், மருத்துவப் பட்டம் பெறாத புள்ளியியலாளரான ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் லண்டனின் இருபது மருத்துவமனைகளில் நோயாளிகளின் பழக்கத்தை விசாரித்து, 1950 செப்டம்பரில் முடிவை வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர் இருவரே. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பிற நோயாளிகள் 649 பேரில் புகைக்காதவர் 27 பேர். தாமே சிகரெட் பிடித்துவந்த டால், ஆய்வு முடியுமுன்பே அதைக் கைவிட்டார். எனினும் இது நோய் கண்ட பிறகு பழைய பழக்கத்தைக் கேட்டறியும் பின்னோக்கு ஆய்வு என்பதால், உடல்நலத்தோடு இருப்பவர்களின் பழக்கத்தை முதலில் பதிந்துகொண்டு, அவர்களுக்கு நேர்வதைப் பின்தொடர்ந்து காணும் முன்னோக்கு ஆய்வு தேவைப்பட்டது.

அதற்கு மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்தது மிகச் சிறந்த முடிவாகும். அவர்களின் பெயர்கள் மருத்துவப் பதிவேட்டில் இருந்ததால், பல்லாண்டுகளுக்குப் பின்னும் இருப்போரையும் இறந்தோரையும் கண்டறிவது எளிதாயிற்று. 1951 அக்டோபர் 31 அன்று ஏறத்தாழ 60,000 மருத்துவர்களுக்குச் சென்ற வினாத்தாள் மிகச் சுருக்கமானது. இப்போது புகைப்பவர், புகைத்து விட்டவர், ஒருபோதும் முறையாகப் புகைக்காதவர் என்னும் மூன்று வகுப்புகளில் தாம் எதில் அடங்குவர் என்று மருத்துவர்கள் குறிக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு சிகரெட் என்ற அளவில்கூட ஓராண்டுக் காலம் புகைத்திராதவரே மூன்றாம் வகுப்பினர். இரண்டாம் வகுப்பினரிடம், எந்த வயதில் தொடங்கினர், எந்த வயதில் விட்டனர் என்பவையும் கேட்கப்பட்டன. விட்டவர்களை இவ்வாறு தனியே பிரித்துப் பதிந்ததே இந்த ஆய்வு மனிதகுலத்துக்குச் செய்த பேருதவி எனலாம்.

1954இல் வெளிவந்த முதல் அறிக்கைக்கு அடிப்படையாக இருந்தவை 36 நுரையீரல் புற்றுநோய் இறப்புகளே. ஆயினும் புகைத்த அளவு கூடக்கூட இறப்பும் கூடியது தெளிவாகத் தெரிந்தது. தங்கள் சகாக்களின் இறப்புக் கணக்கைத் தாங்களே படித்த மருத்துவர்கள் பலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் பல்லாண்டுப் பழக்கத்தை விட்டனர். அன்று அவர்களுக்குத் துணைபுரிய மருந்து ஏதுமில்லை. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாய்ப்புகையிலைக்கு மாறியதைக் கண்ட ஸ்வீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் யோசனையை ஏற்று, ஓவே ஃபெர்னோ என்னும் மருந்தியல் அறிஞர் உருவாக்கிய நிக்கோட்டின் மெல்லுபசை, 1978இல்தான் சுவிட்சர்லாந்தில் ஒப்புதல் பெற்றது.

விட்டவரின் நுரையீரல் புதிதாகிவிடுகிறது என்பது பொதுவான எண்ணம். கணக்கு காட்டுவதோ வேறு. புகைப்பதைத் தொடர்பவருக்கு வயது ஏற ஏற இடர் செங்குத்தாக உயர, விட்டவருக்கு அந்த உயர்வு பெருமளவு நின்றுபோகிறது. ரிச்சர்ட் பீட்டோவும் டாலும் பிறரும் 2000இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, விடாமல் புகைக்கும் பிரிட்டிஷ் ஆண், பிற காரணங்களால் இறவாதிருப்பின், 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 16 விழுக்காடு. 60 வயதில் விட்டவருக்கு அது 10 விழுக்காடு, 50இல் விட்டவருக்கு 6 விழுக்காடு.

முதல் அறிக்கைக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2004 ஜூன் 26 அன்று, 34,439 ஆண் மருத்துவர்களைப் பற்றிய நிறைவு அறிக்கை வெளிவந்தபோது டாலுக்கு வயது 91. வாழ்நாள் முழுதும் சிகரெட் பிடித்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறந்தனர். 30, 40, 50, 60 வயதுகளில் விட்டவர்கள், விடாதவர்களைவிட முறையே ஏறத்தாழ 10, 9, 6, 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். அறுபதுக்கு மேல் விட்டுப் பயனில்லை என்னும் பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமேயில்லை.