மூன்று மில்லிகிராம் வீரம்

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கேம் பைத்தியம் யாராவது உண்டா? உட்கார்ந்தால் சோறு தண்ணி மறந்துபோகிற ரகம்? இருந்தால், ஸ்டார்கிராஃப்ட் என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். இந்தக் காலத்துப் பொடியனாக இருந்தால் ஒருவேளை உதட்டைப் பிதுக்குவான். நாற்பதைத் தொடுகிற சித்தப்பாவோ மாமாவோ அகப்பட்டால் தீர்ந்தது. ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பார்.

1998ல் அமெரிக்காவின் பிளிஸார்ட் கம்பெனி வெளியிட்ட போர் விளையாட்டு அது. நீங்கள்தான் தளபதி. படை திரட்ட வேண்டும், எதிரியின் முகாமை நொறுக்க வேண்டும். உங்கள் படையில் மரீன் என்று ஒரு சாதாரண சிப்பாய் உண்டு. அவனுடைய உயிரின் மதிப்பு 40 புள்ளிகள். சண்டை சூடுபிடிக்கிற நேரத்தில் நீங்கள் ஒரு பட்டனைத் தட்டலாம். ஸ்டிம்பேக். ஊக்க மருந்து ஊசி. தட்டியதும் சிப்பாய் பேய் பிடித்தவன்போல் ஓடுவான். துப்பாக்கி படபடவென்று பொரியும். எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அப்புறம் பழைய சிப்பாய்.

இது சும்மா வராது. ஒவ்வொரு ஊசிக்கும் அவன் உயிரிலிருந்து 10 புள்ளிகள் கழியும். நாற்பது, முப்பது, இருபது, பத்து. அதற்கு மேல் நீங்கள் எத்தனை முறை தட்டினாலும் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். ஊசியால் மட்டும் ஒரு சிப்பாயைக் கொல்ல அந்த விளையாட்டில் அனுமதி இல்லை.

பி.காம். படித்த புத்திக்கு இது சட்டென்று புரிகிறது. இது கடன். நாளைய கணக்கிலிருந்து இன்றைக்கு எடுக்கிற பணம். ஜெயித்தால் லாபம். தோற்றால் அசலும் போச்சு, வட்டியும் போச்சு.

விளையாட்டை எழுதியவர்கள் கற்பனையில் கண்டுபிடித்த சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு 58 வருடங்கள் முன்னால், ஒரு நிஜ ராணுவம் நிஜமான சிப்பாய்களை வைத்து இதே பட்டனைத் தட்டியிருக்கிறது. ஒரே வித்தியாசம், அங்கே ‘பத்தோடு நிறுத்து’ என்று சொல்ல கம்ப்யூட்டர் இல்லை.

பெர்லினில் டெம்ளர் என்று ஒரு மருந்து கம்பெனி. 1938ல் அது ஒரு மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் பெர்விடின். உள்ளே இருந்தது மெத்தாம்ஃபெட்டமைன். இன்றைக்கு உலகமெங்கும் போலீஸ் துரத்திக்கொண்டிருக்கிற அதே ‘மெத்’. அன்றைக்கு ஜெர்மனியில் மருந்துக் கடையில் போய்க் கேட்டால் கொடுத்தார்கள். சோர்வா? ஒன்று போடு. மனசு சரியில்லையா? ஒன்று போடு. டாக்டர் சீட்டுகூட வேண்டாம்.

இதை ராணுவத்தின் கண்ணால் பார்த்தவர் ஓட்டோ ராங்கே. ராணுவ மருத்துவர். போர்க்கால உடலியல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர். சிப்பாயின் முதல் எதிரி யார் என்று அவரிடம் கேட்டால், பிரெஞ்சுக்காரன் இல்லை, ரஷ்யக்காரன் இல்லை, தூக்கம் என்பார். கல்லூரி மாணவர்கள் 90 பேரை வைத்து பெர்விடினைச் சோதித்துப் பார்த்தார். தூக்கம் ஓடியே போனது. ராங்கேவுக்குப் பரம திருப்தி. ஊருக்குச் சிபாரிசு செய்ததோடு நிற்கவில்லை, தானும் வழக்கமாக விழுங்க ஆரம்பித்தார்.

1939 செப்டம்பரில் போலந்துப் படையெடுப்பு. அங்கே வெள்ளோட்டம். அடுத்த வருடம் ஏப்ரலில் ராணுவ மருத்துவத் துறையிலிருந்து முறைப்படி உத்தரவே வந்துவிட்டது. ஏப்ரலில் தொடங்கி ஜூலைக்குள், ஜெர்மானிய தரைப்படைக்கும் விமானப்படைக்கும் போன மாத்திரைகள் 3 கோடியே 50 லட்சத்துக்கும் மேல். பெர்விடினும், அதே மருந்தின் இன்னொரு பிராண்டான ஐசோஃபானும் சேர்ந்த கணக்கு. ஒவ்வொன்றிலும் 3 மில்லிகிராம். சிப்பாய்கள் அதற்கு ‘டாங்கி சாக்லேட்’ என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

1940 மே 10. பிரான்ஸ்மீது பாய்ந்தது ஜெர்மனி. ஆர்டென்ஸ் காட்டு வழியாக டாங்கிகள் வரவே முடியாது என்று பிரெஞ்சு தளபதிகள் நிம்மதியாக இருந்தார்கள். வந்தன. ராத்திரி பகல் பாராமல் வந்தன. மே 13ம் தேதி மியூஸ் ஆற்றைக் கடந்தார்கள். மே 20ம் தேதி ஆங்கிலக் கால்வாய்க் கரையில் நின்றார்கள். ஜூன் 22ல் பிரான்ஸ் சரணாகதிக் கையெழுத்தே போட்டுவிட்டது. ஆறே வாரம்!

இவர்கள் தூங்கவே மாட்டார்களா என்று உலகம் வாயைப் பிளந்தது. கொஞ்சம் உண்மைதான். பலர் தூங்கவில்லை.

இங்கே ஒரு நிமிடம். ‘அப்படியானால் பிரான்ஸை ஜெயித்தது மாத்திரைதான்’ என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நார்மன் ஓலர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 2015ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அது உலகமெங்கும் பரபரப்பாக விற்றது. மிகைப்படுத்துகிறார் என்று ரிச்சர்ட் எவன்ஸ் போன்ற சரித்திர ஆசிரியர்கள் பிடிபிடியென்று பிடித்தார்கள். நியாயம்தான். டாங்கிகளை ஒரே இடத்தில் குவித்த திட்டம், ரேடியோ, விமானப்படை, பிரெஞ்சுத் தலைமையின் மந்தம் என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. மாத்திரை போரை ஜெயித்துக் கொடுக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தவர்களை இன்னும் சில ராத்திரிகள் விழித்திருக்க வைத்தது. அவ்வளவுதான்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மெத்தாம்ஃபெட்டமைன் உங்களுக்குப் புதிதாகச் சக்தி எதையும் கொடுப்பதில்லை. ஒரு இட்லியில் இருக்கிற சக்திகூட அதில் கிடையாது. மூளையில் டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்று சில ரசாயனங்கள் சேமிப்பில் இருக்கும். அதை ஒரே அடியாக வெளியே கொட்ட வைக்கும். இதயம் தடதடக்கும். பசி போகும். தூக்கம் போகும். மனசில் ஒரு மிதப்பு. களைப்பு போய்விட்டதா என்றால், இல்லை. களைப்பு அங்கேயேதான் இருக்கிறது. களைப்பாக இருக்கிறது என்று சொல்கிற மணியைத்தான் கழற்றி வைத்துவிட்டார்கள். மருந்து இறங்கியதும் அத்தனை பாக்கியும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்கும். அடுத்த முறை அதே மிதப்புக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அப்புறம் மூன்று. கந்துவட்டி எப்படி ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஹென்ரிக் போல் என்று ஒரு இளைஞர். போருக்குப் போனபோது வயது 21. முகாமிலிருந்து பெற்றோருக்கு எழுதிய கடிதங்களில், முடிந்தால் கொஞ்சம் பெர்விடின் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நம் ஊர்ப் பிள்ளை ஹாஸ்டலிலிருந்து ஊறுகாய் கேட்பதுபோல! இந்த இளைஞர்தான் பின்னாளில் பெரிய எழுத்தாளராகி, 1972ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். அவர் பிழைத்துக்கொண்டார். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. இதயம் நின்று செத்தவர்கள் உண்டு. புத்தி பேதலித்துத் தன்னையே சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

இது கடன்தான், திருப்பிக் கட்டியாக வேண்டும் என்று அரசாங்கத்துக்குள்ளேயே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். லியோனார்டோ கான்ட்டி. நாஜி ஜெர்மனியின் சுகாதாரத் தலைவர். உத்தமர் என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றுத் திறனாளிகளையும் மனநோயாளிகளையும் கொன்று குவித்த திட்டத்தில் பங்கிருந்த ஆசாமி. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் அவர் கணக்கு சரியாக இருந்தது. களைப்பை மாத்திரையால் விரட்டுகிறவன் உடம்பின் கையிருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கடைசியில் மொத்தமாகச் சரிவான் என்பது அவர் வாதம். 1939 நவம்பரில் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது என்றார்கள். 1941 ஜூலை 1 முதல் அபின் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ராணுவம் கேட்டதா? அந்த வருடமும் ஒரு கோடி மாத்திரைகள் போர்முனைக்குப் போயின.

ஏன் கேட்கவில்லை? ரஷ்யாவைப் பாருங்கள். 1942 ஜனவரி. 500 ஜெர்மானிய சிப்பாய்களைச் செம்படை சுற்றி வளைத்துவிட்டது. மைனஸ் 30 டிகிரி குளிர். இடுப்பளவு பனியில் தப்பி நடக்கிறார்கள். ஆறு மணி நேரம் கழித்து ஒவ்வொருவராகப் பனியிலேயே படுத்துவிட்டார்கள். படுத்தால் சாவுதான். பெர்விடின் கொடுத்தார்கள். அரை மணியில் எழுந்து மறுபடி வரிசையில் நடந்தார்கள் என்று ராணுவ மருத்துவரின் அறிக்கை சொல்கிறது. அந்த ராத்திரி அந்த மாத்திரை உயிர் காத்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. கந்துவட்டிக்காரனும் சமயத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கை கொடுக்கத்தான் செய்கிறான்.

அளவு தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஃபின்லாந்துக்காரர் சாட்சி. ஐமோ கோய்வுனென். 1944 மார்ச்சில் லாப்லாந்துப் பனிக்காட்டில், சோவியத் படை துரத்த பனிச்சறுக்கில் தப்பி ஓடிக்கொண்டிருந்தார். மொத்தக் குழுவுக்கான பெர்விடின் அவர் பையில் இருந்தது. கையில் கனத்த உறை. ஒற்றை மாத்திரையைப் பிரித்தெடுக்க முடியவில்லை. மொத்தமாகக் கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டார். முப்பது மாத்திரைகள்!

அப்புறம் நடந்தது பாதி நினைவு, பாதி பிரமை. கூட்டத்தைப் பிரிந்தார். கண்ணிவெடியில் காயம்பட்டார். ஒரு பறவையைப் பிடித்துப் பச்சையாகத் தின்றார். 400 கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிக்கொண்டு போனதாகக் கணக்கு. கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எடை 43 கிலோ. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 200. ஆச்சரியம், பிழைத்துக்கொண்டார். 1989 வரை வாழ்ந்தார். லட்சத்தில் ஒருவருக்கு வாய்க்கிற விதி அது. மற்றவர்கள் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

இனி வருவது இந்தக் கதையின் அசிங்கமான பக்கம்.

1944ல் ஜெர்மனி தோற்றுக்கொண்டிருந்தது. திவாலாகிறவன் இன்னும் பெரிய கடன் தேடுவான் இல்லையா? கடற்படைத் தளபதிகளில் ஒருவரான ஹெல்முத் ஹைய, குட்டி நீர்மூழ்கிகளில் போகும் வீரர்களுக்காக இன்னும் வீரியமான மாத்திரை கேட்டார். கீல் நகரில் தயாரானது. பெயர் டி-9. ஒரே மாத்திரையில் 5 மில்லிகிராம் ஆக்ஸிகோடோன், 5 மில்லிகிராம் கொக்கெய்ன், 3 மில்லிகிராம் மெத்தாம்ஃபெட்டமைன். அதை யார்மீது சோதித்தார்கள் தெரியுமா? சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமின் கைதிகள்மீது. முதுகில் 20 கிலோ மூட்டை. முகாமுக்குள்ளேயே ஒரு வட்டப் பாதை. ஓய்வே இல்லாமல் ஒரு நாளில் 90 கிலோமீட்டர் வரை நடக்க வைத்தார்கள். மருந்து பலமாக வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். மொத்தமாகத் தயாரிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது.

ஜெர்மனி மட்டும்தானா என்றால், இல்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் பென்செட்ரின் கொடுத்தன. ஜப்பானில் அதே மெத்தாம்ஃபெட்டமைன், ஹிரோபொன் என்ற பெயரில். சொல்லப்போனால் இதை முதன்முதலில் தயாரித்ததே ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் நாகயோஷிதான், 1893ல். போர் முடிந்ததும் மிச்சமிருந்த ராணுவச் சரக்கு வெளிச்சந்தைக்கு வந்தது. தோற்று, பசியில் கிடந்த ஜனங்கள் வாங்கி விழுங்கினார்கள். 1951ல் தனிச்சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்தார்கள். 1954ல் மட்டும் கைதானவர்கள் 55,000 பேருக்கு மேல். கடனை எடுத்தவர் தளபதி. கட்டியது, துப்பாக்கியே தொடாத யாரோ ஒரு பாமரன்.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். சாதாரணக் கடனில் வாங்குகிறவனே கையெழுத்துப் போடுகிறான். இங்கே பட்டனைத் தட்டுகிற கை ஒருவருடையது, கழிகிற பத்துப் புள்ளி இன்னொருவருடையது. தளபதியின் மேஜையில் அது லாபக் கணக்கு. நஷ்டக் கணக்கை எழுத அங்கே நோட்டுப் புத்தகமே கிடையாது.

ஸ்டார்கிராஃப்டில்கூட ஒரு கருணை இருந்தது. முதல் விளையாட்டு வந்த அதே 1998ன் கடைசியில், ப்ரூட் வார் என்ற அடுத்த பாகம் வந்தது. மெடிக் என்று ஒரு பெண் மருத்துவரைப் படையில் சேர்த்தார்கள். ஊசியால் இழந்த புள்ளிகளை அவர் கூடவே ஓடிவந்து நிரப்பிவிடுவார். கடன் அடைந்துவிடும்.

நிஜ உலகில்? போர் முடிந்து ஜெர்மனி இரண்டானது. மேற்கு, முதலாளித்துவம். கிழக்கு, கம்யூனிசம். இரண்டுக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாது. ஆனால் மேற்கு ஜெர்மனி ராணுவத்தின் கையிருப்பில் 1970கள் வரைக்கும், கிழக்கு ஜெர்மனி ராணுவத்தின் கையிருப்பில் 1988 வரைக்கும் ஒரு மாத்திரை பத்திரமாக இருந்தது.

பெயரைக்கூட மாற்றவில்லை. பெர்விடின்.