சமயமும் பகையும்: திமிரி வட்டாரம் கூறும் சான்று



திருவிழா நாள்களில் சொற்பொழிவு நிறைவுற்றதும் இளைஞர் சிலர் நம்மை அணுகி, “சமயம் என ஒன்று இல்லாதிருப்பின் உலகில் இத்துணைப் பூசல்கள் நேர்ந்திருக்குமோ?” என்று வினவுவது உண்டு. இவ்வினாவைச் சினந்து ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. வினவுவோர் நம் பிள்ளைகள். விடை கூறுதல் நம் கடன். அவ்விடையை நெடுந்தொலைவில் தேட வேண்டுவதில்லை. நாம் வாழும் இத்திமிரி வட்டாரத்து வரலாறே அதற்குச் சான்று பகரும்.

முதற்கண் நம் ஊர்க் கோட்டையை எண்ணிப் பார்ப்போம். 1751ஆம் ஆண்டில் இராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைக் கைப்பற்றிய நாள்களில், திமிரியை நோக்கியும் படை நடத்தினான். கருநாடக நவாபு பதவிக்கு முகம்மது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்ட காலம் அது. இருவரும் இசுலாமியர். முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர், அவ்விருவரும் கிறித்தவர். தஞ்சை, மைசூர் ஆகிய இந்து அரசுகள் முகம்மது அலியின் பக்கம் சேர்ந்தன. இப்போரில் யார் எச்சமயத்திற்காகப் போரிட்டனர்? எவரும் இல்லை. நிலவரியும் அரசுரிமையுமே அவர்தம் நோக்கம். ஆயினும் நம் வயல்கள் பாழாயின; குடிகள் துன்புற்றனர். சமய வேற்றுமை காரணமாகாத இடத்தும் போர் மூளும் என்பதற்கு இஃது ஒன்றே போதும். 1914 முதல் 1918 வரை ஐரோப்பாவை அழித்த பெரும்போரில், ஒரே வேதத்தை ஓதியவர்களே எதிரெதிர் அகழிகளில் நின்று மாய்ந்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இதனால் சமயம் முற்றும் குற்றமற்றது என முடிவு செய்துவிடலாமோ? பொறுத்திருங்கள். வேலூருக்குச் செல்வோம்.

1805ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் புதிய உடை விதியை வகுத்தார். சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழித்தல் வேண்டும், தோலாலான குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகையைச் சூடுதல் வேண்டும். மறுத்தோருள் ஓர் இந்துவும் ஓர் இசுலாமியரும் கசையடி பட்டுப் பணியினின்று நீக்கப்பட்டனர். 1806 சூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையர் மாண்டனர். நோயுற்று மருத்துவமனையில் கிடந்தோரும் தப்பவில்லை. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அடக்கினார். பிடிபட்ட சிப்பாய்கள் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர்.

அதன்பின் எழுந்த வழக்கே நாம் கருத வேண்டுவது. குற்றம் யாருடையது? திப்புவின் மைந்தரது சூழ்ச்சி என்றனர் சிலர். உடை விதி என்றனர் சிலர். பாதிரிமாரின் முயற்சி தந்த அச்சம் என்றனர் வேறு சிலர். இறுதியில் விதி கைவிடப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். குறைந்த ஊதியமும் உயர்பதவி கிட்டாமையும் சிப்பாய் நெஞ்சில் முன்னரே புகைந்துகொண்டிருந்தன. அப்புகையை நெருப்பாக்கியது நெற்றிக்குறியின்மேல் விழுந்த அவமதிப்பு. இருசமயத்தாரும் ஒன்றுபட்டே எழுந்தனர். ஆகவே இது சமயத்தோடு சமயம் பொருத போர் அன்று. எனினும், நோயாளியைக் கொன்ற கைக்கும், சரணடைந்தோரைச் சுட்ட கைக்கும், தாம் செய்வது நீதியே என்ற உறுதி இருந்தது. அந்த உறுதியைச் சமயத்திலிருந்தும் மனிதன் எடுத்துக்கொள்கின்றான். இதனை நாம் மறைத்தல் ஆகாது.

இனி, நம் வீட்டைப் பார்ப்போம். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் வரலாற்றை நாம் மேடைகளில் கேட்டு வந்துள்ளோம். ஞானசம்பந்தப் பெருமான் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. சேக்கிழார் பெருமான் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டு. நிகழ்ந்த காலத்துக் கல்வெட்டு எதுவும் இதனைக் கூறவில்லை. வரலாற்று அறிஞர் பலர் ஐயுறுகின்றனர். நம் கவலை அதனினும் பெரிது. நிகழாத ஒன்றாயினும், அதனைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம் என்றால், அம்மகிழ்ச்சி நிகழ்ந்தது அன்றோ? அதற்கு விடை சொல்ல வேண்டியவர் பாண்டியனல்லர், நாமே.

மகிழத்தக்க சான்று நம் அருகிலேயே உண்டு. விளாப்பாக்கத்தை அடுத்த பஞ்சபாண்டவர் மலை, கல்வெட்டுகளில் திருப்பான்மலை எனப்படும். பல்லவன் நந்திவர்மனின் ஐம்பதாம் ஆட்சியாண்டில் அங்குப் பொன்னியக்கியார் திருவுருவமும் நாகநந்தி அடிகளின் உருவமும் செதுக்கப்பட்டன. தில்லையம்பலத்துக்குப் பொன் வேய்ந்த பராந்தக சோழனின் முப்பத்தெட்டாம் ஆண்டில், அம்மலையின் அரிட்டநேமியாரின் மாணாக்கியார் ஒருவர் விளாப்பாக்கத்தில் கிணறு தோண்டுவித்தார். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த இராசராசனின் எட்டாம் ஆண்டில், அவன்கீழ் ஆண்ட இலாடராசன் வீரசோழன், தன் தேவியின் வேண்டுகோளுக்கு இணங்கி, அச்சமணப் பள்ளிக்கு ஊர்வருவாயை உரிமையாக்கினான். சிவபத்தியில் சிறந்த சோழர் ஆட்சியில் சமணத் துறவியார் வெட்டுவித்த கிணற்று நீரை ஊரார் பருகினர். அந்நீருக்குச் சமயம் ஏது?

இன்னும் ஒன்று கூறாவிடின் நம் உரை நிறைவுறாது. இது தோல் தொழில் செழித்த நாடு. திருக்கோயில் பேரிகைக்குத் தோல் அளித்தவர் திருநாளைப்போவார். அவர் அளித்த தோல் உள்ளே முழங்கிற்று, அவரோ வெளியே நின்றார். அவரை நாயன்மாராக வணங்கிய நாமே, அவர் மரபினரைப் பல நூற்றாண்டு வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம். 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் முன்னின்று மதுரைத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. நெஞ்சம் திறவாத கதவைச் சட்டம் திறக்க நேர்ந்தது. இக்குற்றத்தை எந்த அயலான்மேலும் நாம் சுமத்த இயலாது.

ஆகவே இளைஞர்க்கு யாம் கூறும் விடை இது: பூசலின் வேர் ஆசையும் செருக்கும், சமயம் அவ்வேரை அறுக்கவும் வல்லது, அதற்கு நீர் வார்க்கவும் வல்லது. எது செய்யும் என்பது அதனைக் கையில் ஏந்துவோரைப் பொறுத்தது. பழி நம்முடையதாகும் இடத்தில் ஏற்போம்.

வேலூர்க் கோட்டையில் சலகண்டேசுவரர் திருக்கோயில் நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்தது. படைக்கலக் கிடங்காகவும் பயன்பட்டது. 1981 மார்ச்சில் பெருமான் சத்துவாச்சாரியிலிருந்து மீண்டு எழுந்தருளினார். படைக்கலம் இருந்த இடத்தில் இன்று விளக்கு எரிகின்றது. நம் நெஞ்சக் கோட்டைகளுள்ளும் அம்மாற்றம் நிகழ்வதாக!

சிவம் பெருகுக.