கிருஷ்ணதேவராயரும் கால இயந்திரமும்

1991-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிவந்த 'ஆதித்யா 369' என்னும் தெலுங்குத் திரைப்படத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். தெலுங்கில் காணாதவர்கள் 'அபூர்வ சக்தி 369' என்ற பெயரில் அதனைத் தமிழில் கண்டிருக்கலாம். பேராசிரியர் ஒருவர் காலத்தைக் கடந்து செல்லும் இயந்திரம் ஒன்றை அமைக்கிறார். காதலர் இருவர் அதில் அகப்பட்டு 1526-ஆம் ஆண்டின் விஜயநகரத்தில் போய் இறங்குகின்றனர். பின்னர் 2504-ஆம் ஆண்டையும் கண்டு மீள்கின்றனர். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய இப்படத்தில் பாலகிருஷ்ணா காதலனாகவும் கிருஷ்ணதேவராயராகவும் இரு வேடம் தாங்கினார். இசை இளையராஜாவினுடையது. 2025 ஏப்ரலில் படம் புதுமெருகுடன் மீண்டும் திரைக்கு வந்தது. அதைப் பற்றிய பழைய வாதங்களும் அதனுடன் திரும்பி வந்தன.

பெங்களூரில் ஒரு படத்தைக் குறித்து உரையாடுவதென்றால் அது ஒரே மொழியில் முடிவதில்லை. ஓர் அலுவலகத்தின் சிற்றுண்டிச் சாலையிலேயே தமிழர், தெலுங்கர், கன்னடர் மூவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பர். சிறு வயதில் இப்படத்தைக் கண்டவர்கள் அதில் குறை சொல்ல விடமாட்டார்கள். இன்றைய இளைஞரோ, வருங்காலக் காட்சிகள் அட்டையால் செய்தவைபோல் இருக்கின்றன என்று கூறி நகைப்பர். அரசவை ஆட்டமும் பாட்டும் கதையைத் தாமதப்படுத்துகின்றன என்பார் உண்டு. அவை இல்லையேல் படமே இல்லை என்பாரும் உண்டு. இவையெல்லாம் சுவை வேற்றுமைகள். இவற்றால் எவருக்கும் இழப்பில்லை. குரல் சற்று உயர்வது வேறொரு வினா எழும்போதுதான்: ராயர் எம்மொழியில் பேசியிருக்க வேண்டும்?

தெலுங்கு அன்பர், இதிலென்ன ஐயம் என்பார். 'ஆமுக்தமால்யதா' என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றிய அரசர் அல்லவா அவர்! கன்னட அன்பர், ஹம்பி எங்கள் மாநிலத்தில் இருக்கிறது, 'கன்னட ராஜ்ய ரமா ரமண' என்பது அவருடைய விருது என்று எடுத்துக் காட்டுவார். இருவர் கூற்றும் மெய்யே. துளு நாட்டாரும் இவ்வழக்கில் ஒரு பங்கு கேட்கலாம். 1509 முதல் 1529 வரை அரசாண்ட ராயரின் மரபுக்குத் துளுவ மரபு என்றே பெயர்.

மேசையின் மறுபுறம் அமர்ந்துள்ள தமிழர் இவ்விடத்தில் வாய் மூடியிருப்பது வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. படம் வெளிவந்த அதே 1991-ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் வாழ்ந்த பகுதிகளில் வன்முறை மூண்டது. உயிர்கள் போயின; பல குடும்பங்கள் உடைமைகளை விட்டு ஊர் திரும்பின. தெருவில் வாய் திறந்தால் எம்மொழி வெளிப்படும் என்று அஞ்சிய நாட்கள் அவை. அந்நாட்களை அறிந்தவர்களுக்கு, பழைய அரசர் ஒருவர் எவருக்குச் சொந்தம் என்னும் பேச்சு வெறும் பொழுதுபோக்கு அன்று.

ஆயினும், பேசாமல் இருக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ராயர் தெலுங்கில் இயற்றிய அக்காவியத்தின் கதை எங்கு நிகழ்கிறது? திருவில்லிபுத்தூரில். அது பெரியாழ்வாரின் கதை. சூடிக் கொடுத்த ஆண்டாளின் கதை. தம்மைக் கன்னட அரசர் என்று கருதிய ஒருவர், தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியைப் பற்றித் தெலுங்கில் பாடினார்! 1513-இல் அவர் முதன்முதலாகத் திருமலைக்குச் சென்று அளித்த கொடைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளிலும் கல்லில் பொறித்தனர். சிதம்பரத்து வடக்குக் கோபுரத்துக்கும் அவர் பெயருக்கும் தொடர்பு உண்டு. திருவண்ணாமலையின் 217 அடி உயரக் கிழக்குக் கோபுரத்தை அவர் தொடங்க, தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் அது நிறைவெய்தியது. மூவரும் உரிமை கோரும் அரசர், மூவர் மொழியிலும் ஆவணம் விட்டுச் சென்றிருக்கிறார்.

இனி, நாம் பெரிதென எண்ணும் குறைக்கு வருவோம். இயந்திரம் போய் நின்ற ஆண்டு 1526. வடக்கே பானிபட்டில் பாபர் வென்ற ஆண்டு அது. விஜயநகரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? திரையில் நாம் காண்பது ஒளி மிகுந்த சபை, தெனாலி ராமனின் குறும்பு, நாட்டியப் போட்டி, வைரம். இவற்றுள் வைரம் கற்பனை அன்று. அந்நகரத்துக் கடைவீதியில் வைரமும் மாணிக்கமும் முத்தும் விற்கப்பட்டதைப் போர்ச்சுகீசிய யாத்திரிகர் டொமிங்கோ பயஸ் கண்டு எழுதினார். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட வைரங்கள் அரசருக்கே சேர வேண்டும் என்ற விதியைக் குதிரை வணிகரான பெர்னாவோ நூனிஸ் எழுதி வைத்தார். தெனாலி ராமனின் காலத்தைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் அவனில்லாத ராயர் சபையை நம் நாட்டுக் குழந்தைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் ஆதலால் அதை விட்டுவிடுவோம்.

பயஸ் ராயரை நேரில் கண்டவர். அரசர் நடுத்தர உயரமுடையவர், சிவந்த மேனியர், முகத்தில் அம்மைத் தழும்பு உள்ளவர் என்கிறார். விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் குடித்து, அதையே உடம்பில் பூசி, எடை தூக்கி, வாள் சுழற்றி, மல்லாடி, குதிரையேறுவார் என்றும் கூறுகிறார். எத்தனை அழகிய காட்சி! அம்மைத் தழும்புள்ள ராயரை எந்த மொழித் திரைப்படமும் நமக்குக் காட்டியதாக நினைவில்லை.

நூனிஸ் கூறுவதோ வேறு. ராயர் தம் ஆறு வயது மகனுக்கு முடி சூட்டினார். சிறுவன் நோயுற்று இறந்தான். நஞ்சூட்டப்பட்டான் என்ற ஐயத்தின்பேரில், தம்மை அரியணை ஏற்றிய முதியவரும் தந்தையெனப் போற்றப்பட்டவருமான அமைச்சர் சாளுவ திம்மரசரைச் சிறையிட்டு, அவர் கண்களைப் பறித்தார். இது 1524-ஐ ஒட்டி நிகழ்ந்தது. அப்படியாயின், நம் காதலர் இறங்கிய 1526-இல் அந்த அரண்மனை மகனை இழந்த அரண்மனை. கண்ணிழந்த அமைச்சரின் அரண்மனை. ஆட்டமும் பாட்டமும் அங்கே எவ்வளவு ஒலித்திருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இக்கதையைத் திரையுலகம் அறியாமல் இல்லை. 1962-இல் வந்த 'மகாமந்திரி திம்மருசு' என்ற தெலுங்குப் படத்தில் என். டி. ராமராவ் ராயராக நடித்தார். 1970-இல் கன்னடத்தில் பி. ஆர். பந்துலு எடுத்த 'ஸ்ரீ கிருஷ்ணதேவராய' படத்தில் ராஜ்குமார் ராயர். நமக்கு 'வீரபாண்டிய கட்டபொம்மன்' தந்த பந்துலுதான் இவர். 1956-இல் வந்த 'தெனாலி ராமன்' என்னும் தமிழ்ப் படத்திலும் ராமராவே ராயராக வந்தார். சிவாஜி கணேசன் தெனாலி ராமன். 1991-இல் தந்தையின் வேடத்தை மகன் பாலகிருஷ்ணா ஏற்றபோது, தெலுங்கு ரசிகர் ஏங்கியது விஜயநகரத்துக்காக மட்டுமா, தாம் இளமையில் கண்ட படங்களுக்காகவுமா? இரண்டாவது ஏக்கமே வலியது என்பது நம் எண்ணம். 2025-இல் திரையரங்குக்குச் சென்றவர்களில் பலர் தேடிப்போனது 1526-ஐ அன்று, 1991-ஐ.

எச். ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய 'கால இயந்திரம்' நாவலே இப்படத்துக்குத் தூண்டுகோல். அந்நாவலின் வீரன் இயந்திரத்தை முடுக்கி எதிர்காலத்துக்கே பறக்கிறான். நம்மவரோ முதலில் ராயர் சபைக்குச் சென்றனர். இதைக் குறையாகக் கூறுவோரும் உளர்; நாம் அவ்வாறு கூறமாட்டோம். அன்பு வைத்த இடத்துக்குத்தானே மனம் முதலில் போகும். போன இடத்தில் துயரத்தையும் கண்டு வந்திருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும் என்பதே நம் வழக்கு. நகைச்சுவைப் படத்துக்கு அது தாங்காது என்று மறுப்போருக்கும் நியாயம் உண்டு.

சிங்கீதம் சீனிவாசராவுக்குப் பெங்களூர் புதிதன்று. ராஜ்குமாருக்காகப் பல கன்னடப் படங்களை இயக்கியவர். ராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி'யை 1974-இல் தமிழில் படமாக்கியவர். 1987-இல் கமல்ஹாசனைக் கொண்டு பெங்களூரிலேயே அவர் எடுத்த 'புஷ்பக விமானம்' உரையாடலே இல்லாத படம். அது தமிழில் 'பேசும் படம்' என்று பெயர் பெற்றது. அதன் நாயகன் எம்மொழிக்காரன் என்று இதுவரை எவரும் வழக்குத் தொடுக்கவில்லை!

ஒன்று கூற மறந்தோமில்லை: அந்த இயந்திரம் 1526-இல் பெங்களூருக்கு வந்திருந்தால் இறங்குவதற்குக் கோட்டையோ பேட்டையோ இராது. கெம்பே கௌடர் கோட்டை கட்டியது 1537-இல், ராயர் மறைந்த பின். பேகூர் வீரக்கல்லில் இவ்வூர்ப் பெயர் ஏறத்தாழ 890-ஆம் ஆண்டிலேயே கன்னடத்தில் காணப்படுகிறது. தோமலூர்ச் சொக்கநாதர் கோயிலுக்குச் சென்றால், கெம்பே கௌடருக்கும் முந்திய தமிழ்க் கல்வெட்டுக்களை இன்றும் காணலாம். விமான நிலையச் சாலையிலிருந்து நடந்து போகும் தூரந்தான். பழைய விமான நிலையத்தைச் சொல்கிறோம்.